உருக்கியது போக மிஞ்சியவை

1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் பொறித்த புது ரூபாய் இந்தியாவில் வெளியானது. அதை வாங்கிப் பார்த்தவர்களின் கண் மன்னரின் முகத்தில் நிற்கவில்லை. அவர் அணிந்திருந்த அங்கியில் செதுக்கப்பட்டிருந்த ஒரு சின்ன யானையில்தான் போய் நின்றது. தும்பிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் அந்த யானை பலருக்கும் பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்கள் மனம் புண்பட்டார்கள். பேச்சு பரவியதும் அரசு நாணயத்தை நிறுத்தியது. அடித்திருந்தவை 90 லட்சத்துக்கும் மேல். அவற்றில் மக்கள் கைக்குப் போனவை சுமார் 7 லட்சம்தான். மீதியெல்லாம் மறுபடி உலைக்குப் போயின. 1912-இல் தும்பிக்கையை நீட்டித் திருத்திய அச்சு வந்தது.

இன்று ‘பன்றி ரூபாய்’ என்ற பெயரில் சேகரிப்பாளர்கள் தேடுவது அந்த 1911-ஆம் ஆண்டு நாணயத்தைத்தான். அதைவிட ஏறக்குறைய ஐம்பது ஆண்டு மூத்தது 1862 என்று ஆண்டு பொறித்த விக்டோரியா ரூபாய். ஆனால் சாதாரண 1862 ரூபாய்க்குக் கிடைக்கும் விலை, அதில் உள்ள வெள்ளியின் விலையை விட்டு அதிகம் விலகுவதில்லை. பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்து நாலைந்து வெள்ளி ரூபாய்களை எடுத்துக்கொண்டு, நூற்றைம்பது வருஷப் பழசு, லட்சக்கணக்கில் போகும் என்ற நம்பிக்கையோடு கடைக்கு வருபவர்கள் வாடிய முகத்தோடு திரும்புவது இதனால்தான். ஒரு நாணயம் எப்போது அடிக்கப்பட்டது என்பதைவிட, அடிக்கப்பட்டவற்றில் எத்தனை உருகாமல் தப்பின என்பதுதான் அதன் விலையைத் தீர்மானிக்கிறது. வெள்ளி உருகும், காகிதம் எரியும். இந்திய ரூபாயின் வரலாற்றில் இந்த இரண்டும் எப்போதெல்லாம், எதற்காக நடந்தன என்று தெரிந்தவருக்குச் சேகரிப்பின் பாதி வித்தை கைவந்துவிட்டது என்று சொல்லலாம்.

ரூபாய் என்ற வெள்ளி நாணயத்துக்கு ஒழுங்கான வடிவம் தந்தவர் ஷேர் ஷா சூரி. 1540 முதல் 1545 வரை ஆண்ட அவர் சுமார் 178 கிரெயின் எடையில் அதை வெளியிட்டார். முகலாயர்கள் அதைத் தொடர்ந்தார்கள். முகலாய ஆட்சி தளர்ந்தபோது ஆளுக்கொரு நாணயச்சாலை முளைத்தது. தமிழ்நாட்டுப் பகுதியில் புழங்கியது ஆற்காடு ரூபாய். ஆற்காட்டில் அடித்ததாக அதில் பாரசீக எழுத்து சொல்லும். உண்மையில் மதராஸில் ஆங்கிலேயரும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் அதை அடித்தார்கள். எழுத்து கிட்டத்தட்ட ஒன்றுதான். அடையாளத்தில்தான் வேறுபாடு. தாமரை இருந்தால் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது, பிறை இருந்தால் பிரெஞ்சுக்காரருடையது.

மதராஸ் நாணயச்சாலையின் வெள்ளிப் படைப்புகளில் மிக அழகானது எது என்று கேட்டால், 1807-க்குப் பின் வந்த அரைப் பகோடாவைத்தான் காட்ட வேண்டும். ஒரு பக்கம் நட்சத்திரங்கள் சூழ்ந்த கோபுரம். மறுபக்கம் விஷ்ணு. சுற்றிலும் ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என்று நான்கு எழுத்துகள். பகோடா என்பது தமிழ்நாட்டார் வராகன் என்று சொன்ன தங்க நாணயம். அதன் பாதி மதிப்பை வெள்ளியில் தருவதற்காக அடித்தது இது. கம்பெனிக்கு வேண்டிய வெள்ளி அன்று கடல் கடந்து ஸ்பானிய டாலராக வந்தது. அதை உருக்கி வார்க்கும் வேலையைக்கூட மிச்சப்படுத்தி, பல டாலர்களின் மேலேயே நேராகக் கோபுர அச்சை அறைந்துவிட்டார்கள். அதனால் சில அரைப் பகோடாக்களைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், கோபுரத்துக்கு அடியில் ஸ்பெயின் மன்னரின் பெயரெழுத்துகள் மங்கலாகத் தெரியும். மேலச்சு முழுமையாக விழாத இத்தகைய நாணயத்தைப் பழுதானது என்று ஒதுக்குவது தவறு. ஒரே வெள்ளித் துண்டில் இரண்டு கண்டங்களின் வணிகம் பதிந்திருப்பதைக் காட்டும் நாணயத்துக்கு ஈடு கிடையாது.

1818-இல் மதராஸ் மாகாணம் பகோடாவை விட்டு ரூபாய்க்கு மாறியது. 180 கிரெயின் எடை, பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி என்று அளவு குறித்தார்கள். 1835-இல் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் என்று சட்டம் போட்டபோது எடுத்துக்கொண்டது இந்த மதராஸ் அளவைத்தான். கல்கத்தாவும் பம்பாயும் அதற்கு இணங்கின. கிராம் கணக்கில் சொன்னால் 11.66. அதில் தூய வெள்ளி சுமார் 10.7 கிராம். 1835 முதல் 1939 வரை நூறு ஆண்டுக்கும் மேலாக இந்த அளவு மாறவே இல்லை. 180 கிரெயின்தான் ஒரு தோலா என்பதால் ரூபாயே எடைக்கல்லாகவும் பயன்பட்டது. பழைய சமையல் குறிப்புகளிலும் மருந்துச் செய்முறைகளிலும் ‘ஒரு ரூபாய் எடை’ என்று வரும் அளவு இந்த நாணயத்தின் எடைதான்.

மாறாத அளவு என்பதால் எல்லா ரூபாயும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். உற்றுப் பார்ப்பவருக்குத்தான் இங்கே விருந்து. 1840 என்று பொறித்த விக்டோரியா ரூபாய் பல ஆண்டுகள் அதே ஆண்டு எண்ணோடு அடிக்கப்பட்டது. தொடக்கத்தில் வந்தவற்றில் அரசியின் பெயர் தலைக்கு மேலே இடைவெளி இல்லாமல் ஓடும். பின்னால் வந்தவற்றில் தலையின் இருபுறமும் பிரிந்து நிற்கும். மறுபக்கத்து இலைமாலையில் எத்தனை சிறு பழங்கள் இருக்கின்றன என்று எண்ணி ரகம் பிரிப்பவர்கள் உண்டு. கழுத்து வெட்டில் உள்ள எழுத்து அச்சு செதுக்கியவர் யார் என்று காட்டிக்கொடுக்கும்.

1862-ஆம் ஆண்டு ரூபாயின் கதையும் இப்படித்தான். மகாராணியின் நேரடி ஆட்சி வந்த பிறகு கம்பெனியின் பெயரை நீக்கி வெளியான முதல் ரூபாய் அது. அந்த ஆண்டு எண்ணை 1874 வரை மாற்றவே இல்லை. ஆனால் பம்பாயில் அடித்த நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே குட்டிக் குட்டிப் புள்ளிகள் உண்டு. எந்த ஆண்டில் அடித்தது என்பதற்கு நாணயச்சாலை வைத்த கணக்கு அந்தப் புள்ளிகள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு கைக்கண்ணாடியும் பொறுமையும் இருந்தால், எடைக்குக் கிடைக்கும் 1862 ரூபாய்க் குவியலிலிருந்தே ஒருவர் அருமையான தொகுப்பைச் சேர்த்துவிட முடியும். செலவும் குறைவு. புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

எந்த ஊரில் அடித்தது என்பதற்கும் அடையாளம் உண்டு. கல்கத்தா பெரும்பாலும் குறியில்லாமல் விட்டது. பம்பாய் காலத்துக்கேற்ப ‘பி’ எழுத்து, புள்ளி, வைரவடிவம் என்று வைத்தது. இரண்டாம் உலகப்போரின்போது தொடங்கிய லாகூர் நாணயச்சாலைக்கு ‘எல்’. மதராஸ் மட்டும் இந்தப் பட்டியலின் நடுவிலேயே விடைபெற்றுவிட்டது. சென்னையின் தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் தந்த அந்த நாணயச்சாலை 1869-இல் மூடப்பட்டது.

இனி உருக்கலின் கதைக்கு வருவோம்.

1893 வரை யார் வேண்டுமானாலும் வெள்ளிக் கட்டியை நாணயச்சாலையில் கொண்டுபோய்க் கொடுத்து, கூலி கழித்து ரூபாயாக வாங்கிக்கொள்ளலாம். ரூபாயின் மதிப்பு அதில் உள்ள வெள்ளியின் மதிப்புதான். 1870-களில் உலகச் சந்தையில் வெள்ளி விலை சரியத் தொடங்கியது. சுமார் 2 ஷில்லிங்குக்கு நின்ற ரூபாய், 1890-களின் தொடக்கத்தில் 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு இறங்கியது. இதை ஆராய்ந்த ஹெர்ஷல் குழுவின் அறிக்கையை ஏற்று 1893-இல் அரசு அந்தக் கதவை மூடியது. அதன் பிறகு ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸில் நிலைப்படுத்தப்பட்டது. உள்ளே இருக்கும் வெள்ளியைவிட வெளியே அரசு சொல்லும் மதிப்பு கூடுதல் என்றானது.

முதல் உலகப்போர் இதைத் தலைகீழாக்கியது. வெள்ளி விலை ஏறிக்கொண்டே போய், 1917-இல் ஒரு ரூபாயில் இருந்த வெள்ளி ஒரு ரூபாயைவிட அதிக விலை பெற்றது. உருக்கினால் லாபம். அரசு உருக்குவதையும் ஏற்றுமதி செய்வதையும் தடைசெய்தது. போருக்குப் பொருள் வாங்க ரூபாய் வேண்டும், ரூபாய் அடிக்க வெள்ளி வேண்டும். கையில் காகித நோட்டு வைத்திருந்த மக்களோ போர்ச் செய்திகளால் கலங்கி, நோட்டைக் கொடுத்து வெள்ளி வாங்க முண்டினார்கள். அரசின் கையிருப்பு கரைந்தது.

அப்போது கை கொடுத்தது அமெரிக்கா. 1918 ஏப்ரலில் நிறைவேறிய பிட்மன் சட்டத்தின்படி அந்நாட்டுக் கருவூலத்தில் கிடந்த வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. மொத்தம் 27 கோடிக்கும் மேல். அதில் பெரும்பங்கு இந்தியாவுக்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. விலை அவுன்ஸுக்கு 1 டாலர். அந்த வெள்ளி கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகளில் ஐந்தாம் ஜார்ஜின் ரூபாயாக மாறியது. 1918, 1919, 1920 என்று ஆண்டு பொறித்த ரூபாய்கள் இன்றும் தாராளமாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். அதே காரணத்தால் அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்குப் மார்கன் எனப்படும் பழைய வெள்ளி டாலர்களில் எந்த ஆண்டுக்குரியது எத்தனை எஞ்சியிருக்கிறது என்று கணக்கிடுவது பெரிய பாடாகிவிட்டது.

வெள்ளியைச் சிக்கனம் பிடிக்க அரசு சில்லறையை நிக்கலில் அடித்துப் பார்த்தது. 1918-இல் சதுர வடிவ 2 அணா. அடுத்த ஆண்டு 4 அணாவும் 8 அணாவும். எட்டணா மக்களிடம் எடுபடவில்லை, ஓரிரு ஆண்டிலேயே நின்றது. அதனால் அதுவும் தேடப்படும் நாணயமாகிவிட்டது.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் பழைய கதை திரும்பியது, இன்னும் கடுமையாக. 1939 என்று ஆண்டு பொறித்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய்தான் பழைய தரத்து வெள்ளியில் வந்த கடைசி ரூபாய். அதில் பெரும்பகுதி வெளியே வராமலேயே உலைக்குப் போனது. இந்திய ரூபாய்களில் மிக அரிதானவற்றுள் ஒன்று அது. 1938-ஆம் ஆண்டு ரூபாயின் கடைசி எண்ணைச் சுரண்டி 9 ஆக்கி விற்கும் மோசடி அந்த அருமையால் வந்தது. யாராவது 1939 ரூபாய் காட்டினால் அந்த ஒன்பதின் வளைவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1940 முதல் வெள்ளி பாதிக்குப் பாதி ஆனது. 50 சதவீதம் வெள்ளி, மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். கள்ள நாணயத்தைத் தடுக்க விளிம்பில் பள்ளம் ஓட்டி அதில் வேலைப்பாடு செய்தார்கள். பழைய நல்ல வெள்ளி ரூபாய்களை அரசு ஒவ்வொன்றாகச் செல்லாததாக்கித் திரும்ப வாங்கிக்கொண்டது. 1941-இல் விக்டோரியா, 1942-இல் ஏழாம் எட்வர்டு, 1943-இல் ஜார்ஜ் மன்னர்களுடையவை. திரும்பி வந்தவை உருக்கப்பட்டன. திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் பானையிலும் பரணிலும் பதுக்கியவர்களால்தான் இன்றைய சேகரிப்பாளருக்கு நாணயம் கிடைக்கிறது.

போரின்போது அமெரிக்கா இந்தியாவுக்குச் சுமார் 22.6 கோடி அவுன்ஸ் வெள்ளியைக் கடனாக அனுப்பியது. இந்த முறை விற்பனை இல்லை, வெள்ளியாகவே திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். சுதந்திர இந்தியா அந்தக் கடனை 1957-இல் அடைத்தது. அதற்காக, புழக்கத்திலிருந்து வாங்கிய பாதி வெள்ளி ரூபாய்களை உருக்கி, செம்பையும் நிக்கலையும் பிரித்து வெள்ளியை எடுத்தார்கள். முதல் போரில் அமெரிக்க டாலர் உருகி இந்திய ரூபாயானது. இரண்டாம் போருக்குப் பிறகு இந்திய ரூபாய் உருகி அமெரிக்காவுக்குப் போனது. கடன் நெருக்கியதால்தான் வெள்ளி ரூபாயைக் கைவிட்டு, 1947-இல் புலி பொறித்த நிக்கல் ரூபாய்க்கு நாடு மாறியது. வீட்டுப் பெட்டிகளில் அந்தப் புலி ரூபாய் இருந்தால் பத்திரப்படுத்தலாம். வெள்ளி இல்லை என்பதற்காகத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

காகிதத்தின் கதை வெள்ளியின் நிழலில் தொடங்கியது. 1861-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பு நோட்டு வெளியிட்டவை வங்கிகள். 1843-இல் தோன்றிய மதராஸ் வங்கி அவற்றுள் ஒன்று. அரசு மட்டுமே நோட்டு வெளியிட வேண்டும் என்ற திட்டத்தை வகுத்தவர் இந்தியாவின் முதல் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன். லண்டனில் ‘எகானமிஸ்ட்’ பத்திரிகையைத் தொடங்கியவரும் அவரே. திட்டம் சட்டமாவதைப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. 1860 ஆகஸ்டில் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பால் இறந்துபோனார்.

அன்றைய நோட்டு இங்கிலாந்தில் அச்சாகிக் கப்பலில் வந்தது. ஒரு பக்கம் மட்டுமே அச்சு, மறுபக்கம் வெறும் வெள்ளை. நாடு பல வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு வட்டத்தின் நோட்டு அந்த வட்டத்துக்குள்தான் சட்டப்படி செல்லும். மதராஸ் நோட்டைக் கல்கத்தாவில் நீட்டினால் வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஒவ்வொரு மதிப்பாக இந்த எல்லை நீங்கியது. ஊர்ப்பெயர் அச்சான வட்ட நோட்டுகளைச் சேகரிப்பது இந்தத் துறையிலேயே மிகக் கடினமான வேலை. திரும்பி வந்த நோட்டை அரசு அழித்துவிடும் என்பதால் எஞ்சியவை வெகு சொற்பம்.

அவற்றில் பல நடுவில் வெட்டி மறுபடி ஒட்டியவையாக இருக்கும். கிழிந்த நோட்டு என்று எண்ணி ஒதுக்குபவர்கள் உண்டு. அது அந்தக் காலத்து வணிகரின் முன்னெச்சரிக்கை. பெரிய நோட்டைத் தபாலில் அனுப்பும்போது இரண்டாக வெட்டி, முதல் பாதியை அனுப்புவார்கள். அது பத்திரமாகச் சேர்ந்தது என்று பதில் வந்த பிறகே மறுபாதியைத் தபாலில் சேர்ப்பார்கள். வழியில் யார் திருடினாலும் பாதி நோட்டால் பயனில்லை. வாங்கியவர் இரண்டையும் ஒட்டிக் கருவூலத்தில் கொடுத்துப் பணம் பெறுவார்.

ஒரு ரூபாய் நோட்டு பிறந்தது வெள்ளிப் பஞ்சத்தில்தான். 1917 நவம்பர் 30 அன்று வெளியானது. தமிழ் உட்பட எட்டு மொழிகளில் மதிப்பு அச்சாகியிருந்தது. இருபத்தைந்து நோட்டுகளைச் சேர்த்துத் தைத்த புத்தகமாகவும் கொடுத்தார்கள். அடுத்த சில வாரங்களில் இன்னொரு விந்தையான நோட்டும் வந்தது. மதிப்பு 2 ரூபாய் 8 அணா. கணக்குப் பார்க்கச் சங்கடமான மதிப்பு என்பதால் மக்கள் விரும்பவில்லை. விரைவில் நிறுத்தப்பட்டது. அதனாலேயே இன்று அது ஏலங்களில் பெரிய விலைக்குப் போகிறது.

வெள்ளி தட்டுப்பாடு தீர்ந்ததும் ஒரு ரூபாய் நோட்டு 1926-இல் நின்றது. 1940-இல் மறுபடி வந்தபோது அரசு கிடங்கில் இருந்ததை எடுத்துக் கொடுத்தது. அதில் இருந்த ஆண்டு 1935. இறந்து நாலாண்டு கடந்த ஐந்தாம் ஜார்ஜின் உருவம். நோட்டில் இருக்கும் ஆண்டு வேறு, புழக்கத்துக்கு வந்த ஆண்டு வேறு என்பதற்கு இது நல்ல சான்று.

ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரலில் தொடங்கியது. அதன் முதல் நோட்டான 5 ரூபாய் 1938 ஜனவரியில் வெளியானது. பர்மாவுக்கும் அந்த வங்கிதான் நோட்டு வெளியிட்டது. பர்மாவில் மட்டுமே செல்லும் என்று அச்சடித்த அந்த நோட்டுகள், அங்கே கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார்க்கு அன்றாடப் பணம். பிரிவினைக்குப் பிறகு சில மாதங்கள் பாகிஸ்தான் புழங்கியதும் இந்திய நோட்டுதான், மேலே அந்நாட்டு அரசின் பெயரை அடித்து. 1959-இல் வளைகுடா நாடுகளுக்கென்று தனி ரூபாய் நோட்டும், ஹஜ் பயணிகளுக்கென்று தனி நோட்டும் வந்தன. குவைத், பஹ்ரைன், கத்தார் எல்லாம் அன்று இந்திய ரூபாயில்தான் வாங்கி விற்றன. இந்திய ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்துத் தங்கம் கடத்துவதைத் தடுக்கத்தான் இந்தப் பிரிவு. ஹஜ் நோட்டின் எண்ணுக்கு முன்னே ‘எச்.ஏ.’ என்ற எழுத்து இருக்கும்.

தமிழ் வாசகருக்கு நெருக்கமான நோட்டு ஒன்று உண்டு. 1954-இல் வந்த 1000 ரூபாயின் பின்பக்கத்தில் தஞ்சைப் பெரிய கோவில். 1978 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் அரசு 1000, 5000, 10000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாததாக்கியதும் வங்கிக்குத் திரும்பியவை அழிந்தன. கணக்கில் காட்ட முடியாமலோ மறந்தோ வைத்திருந்தவை மட்டும் மிஞ்சின. கோவிலின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி அரசு வெளியிட்ட 1000 ரூபாய் நினைவு நாணயம் வெள்ளிக் கலவையில் வந்தது. அந்த நோட்டையும் இந்த நாணயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பவரின் தொகுப்பைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

பெரிய விலை கொடுக்க முடியாதவர்கள் கையெழுத்தைச் சேகரிக்கலாம். ஒரு ரூபாய் நோட்டில் நிதித்துறைச் செயலர் கையெழுத்திடுவார். மற்றவற்றில் ரிசர்வ் வங்கி ஆளுநர். இரண்டு பதவியிலும் இருந்தவர் மன்மோகன் சிங். அதனால் அவர் கையெழுத்து ஒரு ரூபாயிலும் உண்டு, பெரிய நோட்டுகளிலும் உண்டு. எஸ். வெங்கிடரமணனுக்கும் அதே சிறப்பு. 1985-இல் மூன்று வாரம் மட்டுமே ஆளுநராக இருந்த அமிதாவ் கோஷின் கையெழுத்து உள்ள 10 ரூபாய்க்கும், 1970-இல் ஆறு வாரம் இருந்த அதார்க்கரின் கையெழுத்துள்ள நோட்டுகளுக்கும் தனிக் கிராக்கி. எண்ணுக்கு நடுவே நட்சத்திரம் உள்ள நோட்டு, அச்சில் பழுதானதற்குப் பதிலாக வைத்தது. 2006-இல் 10, 20, 50 ரூபாய்களில் இது தொடங்கியது. இன்றும் சில்லறையில் கிடைக்கும்.

பொருள் கைக்கு வந்த பிறகு செய்யக் கூடாதது ஒன்று இருக்கிறது. தமிழ் வீடுகளில் வெள்ளியை விபூதி போட்டுத் தேய்ப்பது வழக்கம். குத்துவிளக்குக்கு அது சரி. நாணயத்துக்கு அதுவே நாசம். நூறாண்டில் படிந்த கருநீல மெருகுதான் அந்த நாணயம் யார் கையும் சுரண்டாதது என்பதற்குச் சாட்சி. ஒரு தேய்ப்பில் அது போய்விடும், விலையும் பாதிக்குக் கீழே போய்விடும். புளி, பற்பசை, எலுமிச்சை எதுவுமே கூடாது. மலிவான பி.வி.சி. உறைகளில் வைத்தால் நாளாவட்டத்தில் பச்சையாக ஒரு பிசின் சுரந்து உலோகத்தை அரிக்கும். மைலார் உறையோ, அட்டைச் சட்டமோ வாங்குவது நல்லது. நோட்டை மடிக்கவே கூடாது, லேமினேட் செய்வதும் கூடாது. செலோடேப் ஒட்டினால் மஞ்சள் கறை நிரந்தரமாகிவிடும்.

போலியைக் கண்டுபிடிக்க முதல் கருவி தராசு. பழைய தர ரூபாய் 11.66 கிராமை ஒட்டி நிற்க வேண்டும். தேய்மானத்தால் சற்றுக் குறையலாம். கூடக் கூடாது. காந்தத்தில் ஒட்டினால் அப்போதே வைத்துவிடலாம். வார்ப்பில் செய்த போலிக்கு விளிம்பைச் சுற்றி ஒரு கோடு தெரியும், எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். நாணயம் சோதிக்கும் அந்தக் கால சராப்புகள் அதைச் சுண்டி ஓசையைக் கேட்பார்கள், ஓரத்தில் சின்ன முத்திரை குத்திப் பார்ப்பார்கள். அத்தகைய வடுக்கள் உள்ள நாணயம் அசல்தான் என்றாலும் விலை குறையும். நகையில் கோக்க வளையம் பற்றவைத்த தடம் இருந்தாலும் அப்படியே.

ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்து, ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818’ என்று எழுதிய செப்புக் காசுகள் ஊருக்கு ஊர் உலவுகின்றன. கம்பெனி அப்படி எதுவும் அடிக்கவில்லை. மதராஸ் பகோடாக்களில் விஷ்ணு உண்டு, அவ்வளவுதான். அரிசியை இழுக்கும் சக்தி உள்ளது என்று சொல்லி ‘ரைஸ் புல்லிங்’ பெயரில் இத்தகைய காசுகளைக் காட்டி லட்சக்கணக்கில் பறித்த வழக்குகள் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் பதிவாகியிருக்கின்றன. பழைய நோட்டை லட்சத்துக்கு வாங்குகிறோம், முன்பணமாக வரி கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரில் வரும் அழைப்புகளை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பழைய நாணயம் வாங்கும் வேலையை அது யாருக்கும் கொடுக்கவில்லை.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 2016-இல் செல்லாததான பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளை ஒருவர் 10-க்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கோ நாணயச் சேகரிப்புக்கோ என்றால் 25 வரை வைத்திருக்கலாம் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நூறாண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவோ அனுப்பவோ தனியாருக்கு அனுமதி இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மண்ணிலிருந்து கிடைக்கும் காசு. கொங்கு நாட்டில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் மன்னர்களுடையவையே மிகுதி. ரோம வணிகம் எந்தக் காலத்தில் உச்சத்தில் இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிட உதவியது இந்தக் குவியல்கள்தான். சேர மன்னன் மாக்கோதையின் முகம் பொறித்த வெள்ளிக் காசு கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்தது. அதை ஆராய்ந்து எழுதியவர் நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி. ஒரு பானையில் உள்ள காசுகளில் கடைசியாக அடிக்கப்பட்டது எது என்று தெரிந்தால், அந்தப் பானை எந்த ஆண்டுக்குப் பிறகு புதைந்தது என்று சொல்லிவிடலாம். பானையைப் பங்கு போட்டு நாலு கடைகளில் விற்றுவிட்டால் அந்தக் கணக்கு ஒருநாளும் திரும்பக் கிடைக்காது. எத்தனையோ குவியல்கள் இப்படித்தான் நகைப் பட்டறை உலைகளில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. இந்த இழப்பை நினைத்தால் மனம் பதறுகிறது.

பயத்தினால் மறைக்கத் தேவையில்லை. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது, எங்கே, என்றைக்கு என்ற விவரம் போதும். உரிமையாளர் யாரும் இல்லை என்று ஆனால், கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு என்று சட்டமே வகுத்திருக்கிறது. அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். மறைத்தால்தான் பங்கும் போகும், தண்டனையும் வரும். அப்படி முறையாகத் தெரிவிக்கப்பட்ட காசுகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்து, கிடைத்த ஊரின் பெயரோடு அங்கே பதிவாகின்றன.